செபோரிக் டெர்மடைடிஸ்: எத்தனை பேருக்கு வருகிறது, கூடவே எது வருகிறது

கறுப்புச் சட்டை போட்டால் தோளில் வெள்ளையாகத் தூள் விழுகிறது. மூக்கின் இரண்டு ஓரமும் சிவந்து தோல் உரிகிறது. புருவத்தைத் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்கிறது. காதுக்குப் பின்னால் பிசுபிசுப்பும் அரிப்பும். இந்த நான்கையும் நான்கு தனித்தனித் தொந்தரவாக நினைத்து, தலைக்கு ஒரு ஷாம்பு, மூக்குக்கு ஒரு களிம்பு, காதுக்கு ஒரு சொட்டு மருந்து என்று வாங்கிச் சேர்ப்பவர்கள் வேலூர்ப் பக்கம் நிறைய உண்டு. பெரும்பாலும் நான்கும் ஒரே நோய்தான். அதன் பெயர் செபோரிக் டெர்மடைடிஸ்.

தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது. உச்சந்தலை, புருவம், மூக்கோரம், காதுப்பக்கம், தாடி, மார்பின் நடுப்பகுதி ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கின்றன. இந்த நோய் தேடிப் போய் உட்காருவதும் அங்கேதான். அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூடச் சிலருக்கு வரும். ஒருமுறை வந்து சரியாகி முடிந்துபோகிற நோய் அல்ல இது. வரும், அடங்கும், சில மாதம் கழித்து மறுபடி தலைகாட்டும்.

சாதாரணப் பொடுகு இதன் லேசான வடிவம். பொடுகில் தோல் உதிரும், கொஞ்சம் அரிக்கும், ஆனால் வீக்கமோ சிவப்போ இருக்காது. தலையைத் தாண்டியும் வராது. அதுவே சிவந்து, மஞ்சளாகப் பிசுக்குள்ள செதிலாகி, முகத்துக்கும் காதுக்கும் இறங்கிவிட்டால் மருத்துவர் பெரிய பெயரை எழுதுவார். எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்குப் பார்க்கும்போது தேவைப்படும்.

1874இல் பிரான்ஸைச் சேர்ந்த லூயி சார்ல் மலசே, பொடுகுச் செதில்களுக்குள் ஒரு நுண்ணிய பூஞ்சை இருப்பதைக் கவனித்து எழுதினார். அவர் பெயரால்தான் அதை மலசீசியா என்கிறோம். 1887இல் ஜெர்மன் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா இந்த நோயைத் தனி நோயாக விவரித்தார். பூஞ்சைதான் காரணமா, இல்லை தோலே தன் போக்கில் வேகமாக உதிர்கிறதா என்ற சண்டை அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1980களில் பூஞ்சைக்கொல்லி மருந்து போட்டதும் நோய் அடங்குவதைப் பார்த்த பிறகு, பூஞ்சைக் கட்சிக்குப் பலம் கூடியது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலசீசியா நோயாளியின் தலையில் மட்டும் இருப்பதில்லை. வயது வந்த எல்லாருடைய தோலிலும் அது வாழ்கிறது. உங்கள் தலையிலும் இருக்கிறது, என் தலையிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது, அதனால் நம் தோலின் எண்ணெயை உடைத்துத் தின்கிறது. தின்றது போக ஓலிக் அமிலம் போன்ற சில பொருள்கள் தோலிலேயே தங்குகின்றன. பலருடைய தோல் இதைக் கண்டுகொள்வதில்லை. சிலருடைய தோலோ எரிச்சலடைந்து, செல்களை அவசர அவசரமாக உற்பத்தி செய்து உதிர்க்கத் தொடங்குகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை ஊரே ருசித்துச் சாப்பிட்டாலும் சிலருக்கு மட்டும் உடம்பு அரிக்கிறதே, கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே இது ஒட்டுவாரொட்டி இல்லை. கணவனுக்குப் பொடுகு என்று மனைவி தனிச் சீப்பு, தனித் தலையணை வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே கிடையாது.

நூறு பேரில் எத்தனை பேர்?

பழைய பாடநூல்களில் நூறு பெரியவர்களில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை என்று இருக்கும். 2024இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பல நாடுகளில் நடந்த 121 ஆய்வுகளை, அதாவது 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தத்தில் 4.38 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பெரியவர்களை மட்டும் எடுத்தால் 5.64, குழந்தைகளில் 3.70. நாடு வாரியாகப் பார்த்தபோது தென்னாப்பிரிக்காவில்தான் அதிகம், 8.82 சதவீதம். மிகக் குறைவாக வந்தது இந்தியாவில், 2.62 சதவீதம்.

2.62 என்றால் அற்பமாகத் தோன்றும். மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முந்தைய வேலூர் மாவட்டத்தை, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 39 லட்சத்து 36 ஆயிரம் பேர். அதில் 2.62 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இது வெறும் பெருக்கல் கணக்குதான், யாரும் நேரில் போய் எண்ணிய எண்ணிக்கை அல்ல. ஆனாலும் குடியாத்தத்திலிருந்து அரக்கோணம் வரை ஒரு லட்சம் பேர் ஒரே மாதிரி தலையைச் சொரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால், எனக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி கொஞ்சம் அடங்கும்.

லேசான பொடுகையும் சேர்த்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும். வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு சமயம் பொடுகு வந்திருக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கோட்டை இந்தப் பக்கம் போட்டால் நூற்றுக்கு மூன்று, அந்தப் பக்கம் போட்டால் நூற்றுக்கு ஐம்பது. இரண்டும் பொய் இல்லை. விளம்பரக்காரர்களுக்கு ஐம்பது பிடிக்கும், பாடநூலுக்கு மூன்று பிடிக்கும்.

யாரை எண்ணுகிறோம் என்பது அடுத்த சிக்கல். இதை வேலூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து, ஓட்டல்களில் மீன் குழம்பும் சோறும் கேட்டு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். அந்த மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து தலை எண்ணினால் கிடைப்பது வேலூரின் சதவீதம் ஆகாது. பாதி இந்தியாவிலிருந்து, அதுவும் உள்ளூரில் காட்டிச் சரியாகாமல் ரயிலேறி வந்தவர்களின் சதவீதம் அது. எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் இது பொருந்தும். பொடுகுக்காக யாரும் டோக்கன் போட்டு வரிசையில் நிற்பதில்லை. முற்றிப்போன கேஸ்தான் அங்கே வரும். ஆக, ஒரு ஊரில் உண்மையில் எத்தனை பேருக்கு என்று தெரிய வேண்டுமானால் வீடு வீடாகத்தான் போக வேண்டும். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராம சுகாதாரப் பிரிவான ருஷா 1977 முதல் இருப்பதால், சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து விசாரிப்பது இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் புதிதல்ல. தோல் நோயை எண்ணுவதற்கும் அந்த மாதிரி நடைதான் வேண்டும்.

வீட்டுக்கே போனாலும் பார்க்கிற கண் சரியாக இருக்க வேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்கள் சிவந்த திட்டு என்று எழுதுகின்றன, படங்களும் வெள்ளைத் தோலில்தான் இருக்கும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் கருத்தோ, ஊதாச் சாயலாகவோ தெரியும். அடிக்கடி நேர்மாறாக, சுற்றியிருக்கும் தோலைவிட வெளுத்த திட்டாகத் தெரியும். நிறம் வெளுத்து, மேலே மெல்லிய செதிலோடு, நெற்றி முடியோரமாக வளைவு வளைவாக வரும். சிவப்பை மட்டும் தேடுகிறவர் இதை விட்டுவிடுவார்.

வயதைப் பார்த்தால் நோய் மூன்று தடவை தலைதூக்குகிறது. பிறந்த முதல் மூன்று மாதம் ஒரு தடவை. வயதுக்கு வந்த பிறகு எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும்போது இன்னொரு தடவை. இருபது, முப்பது, நாற்பதுகளில் இது நீடிக்கும். ஐம்பதைத் தாண்டியதும் மறுபடி. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், ஏனென்றால் ஆண் ஹார்மோன்கள் எண்ணெய்ச் சுரப்பைக் கூட்டுகின்றன.

கைக்குழந்தைக்கு உச்சந்தலையில் மஞ்சளாக, தடித்த அடையாகப் படியும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர குழந்தைக்கு அதனால் தொந்தரவு இல்லை, அரிப்பும் இருக்காது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும். குளிப்பாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பு கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் நீவி, குழந்தைகளுக்கான ஷாம்புவால் கழுவினால் போதும். நகத்தால் பெயர்த்தெடுக்கும் பாட்டிமார்களின் வேகம் மட்டும் வேண்டாம். புண்ணாகிச் சீழ் பிடிக்க அதுவே வழி. உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து, எடை ஏறாமல் போனால் விஷயம் வேறு. அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு வயதுக்கும் வயதுக்கு வருவதற்கும் நடுவே இந்த நோய் அபூர்வம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் செதில் உதிர்ந்து, அங்கங்கே முடியும் கொட்டியிருந்தால், அதைப் பொடுகு என்று விட்டுவிடாதீர்கள். தலையில் வரும் படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ஒட்டும், சீப்பு, தொப்பி, தலையணை வழியாகப் பரவும். மேலே தடவும் மருந்து அதற்குப் போதாது, மாத்திரை சாப்பிட வேண்டும். பேனும் ஈரும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கூடவே வருபவை

இந்த நோயோடு சேர்ந்து வேறு என்னென்ன வருகின்றன என்பதுதான், என்னைக் கேட்டால், எத்தனை பேருக்கு என்பதைவிட முக்கியமான கேள்வி. மூன்று விதமாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். அதே பூஞ்சையால் வருபவை சில. அதே மாதிரி தோற்றம் காட்டி ஏமாற்றுபவை சில. உடம்புக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்று காட்டிக்கொடுப்பவை சில.

முதல் வகையில் நமக்கெல்லாம் தெரிந்தது தேமல். மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறிய அல்லது பழுப்பான புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படரும், சுரண்டினால் மெல்லிய தூள் வரும். இதுவும் மலசீசியாவின் வேலைதான். வெயிலும் வியர்வையும் இதற்கு ரொம்பப் பிடிக்கும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மருந்து போட்டுப் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாதக் கணக்காகும், அதனால் மருந்து கேட்கவில்லை என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதுகிலும் தோளிலும் ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள் வந்து அரித்தால், அதுவும் முகப்பருவாக இல்லாமல் இந்தப் பூஞ்சை முடிவேர்களுக்குள் புகுந்ததாக இருக்கலாம். பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அதைக் குறைக்காது, கூட்டவும் செய்யும். கண் இமை விளிம்பில் செதில் படிந்து, காலையில் கண் உறுத்தலோடு எழுந்திருப்பதும் செபோரிக் டெர்மடைடிஸ் உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. கண் மருத்துவரிடம் போகும்போது தலைப் பொடுகையும் சொல்லுங்கள்.

ஏமாற்றுபவைகளில் முதலிடம் சொரியாசிஸுக்கு. அதன் செதில் தடிப்பாக, வெள்ளி நிறத்தில், உலர்ந்து இருக்கும். முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வரும். முழங்கை, முழங்கால், நகம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நகத்தில் குண்டூசியால் குத்தியது போன்ற குழிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இரண்டும் கலந்து, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத நிலையும் உண்டு. மருத்துவர்கள் அதை செபோசொரியாசிஸ் என்கிறார்கள்.

கன்னங்களும் மூக்கும் சிவந்து, வெயில் பட்டால் அதிகமாகி, மூட்டு வலியும் களைப்பும் கூட இருந்தால் லூபஸ் நோயாக, அதாவது எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோயாக, இருக்கலாம். அதற்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. லூபஸ் சிவப்பு பெரும்பாலும் மூக்கோரத்திலிருந்து உதட்டுக்கு இறங்கும் மடிப்பை விட்டுவிடும். செபோரிக் டெர்மடைடிஸோ சரியாக அந்த மடிப்பில்தான் உட்காரும். ரோசேசியா என்ற முகச் சிவப்பு நோய் சிலருக்கு இதோடு சேர்ந்தே வரும். தலைமுடிச் சாயத்தின் ஒவ்வாமையும் நெற்றியோரத்திலும் காதிலும் அரித்து இதைப் போலவே நடிக்கும். சாயம் பூசி ஓரிரு நாளில் வந்தால் முதலில் சாயத்தைச் சந்தேகியுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோலில் எது வந்தாலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் மீது பழி போடுகிறவர்களைப் பார்க்கலாம். கைகளில் அரிப்பும் வெடிப்பும் வந்தால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். பதனிடுவதில் பயன்படும் குரோமியம் தோல் ஒவ்வாமை தரக்கூடியது. ஆனால் மூக்கோரத்திலும் புருவத்திலும் மட்டும் செதில் வந்தால் அது குரோமியத்தின் வேலை இல்லை. போர் தண்ணீரின் உப்பும் அப்படித்தான். தோலை வறட்டும், சோப்பு நுரைக்காது, முடி சிக்காகும். இந்த நோயை உண்டாக்காது. ஊர் மாறியதும் பொடுகு போய்விட்டது என்பவர்களை நம்பாமல் இல்லை. வந்து போவதுதான் இந்த நோயின் இயல்பே என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வட ஆர்க்காட்டில் இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. முகத்தில் வெளுத்த திட்டு வந்தால் இங்கே பெரியவர்கள் மனதில் முதலில் எழுவது தொழுநோய் பற்றிய பயம்தான். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் இயங்குகின்றன. அதற்கு முன்பே, 1940களின் இறுதியில், சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மறுபடி நீட்டவைத்தார். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. அந்த நோயாளிகளைத் தெருவில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வெளுத்த திட்டு என்றாலே வயிறு கலங்குவதில் ஆச்சரியமில்லை.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? தொழுநோய்த் திட்டு அரிக்காது. பிசுக்கான செதில் உதிராது. அந்த இடத்தில் தொடு உணர்ச்சி குறையும், வியர்வை வராது, முடியும் உதிரலாம். செபோரிக் டெர்மடைடிஸில் அரிப்பும் செதிலும் இருக்கும், உணர்ச்சி மாறாது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வரும். ஆனால் வீட்டில் குண்டூசியை எடுத்துக் குத்திப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முகத்தில் நரம்புகள் அடர்த்தி என்பதால், அங்கே வரும் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி தெளிவாகக் குறையாமலே இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோயாகவே இருந்தாலும் கூட்டு மருந்து இலவசம், குறிப்பிட்ட மாதங்களில் குணமாகும். காலம் தாழ்த்தினால்தான் கை கால் நரம்புகள் பாழாகும்.

பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய வட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றில் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பார்கள். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் அது வறண்ட தோலில் வரும் லேசான எக்சிமா வகை, ஈரப்பதம் தரும் க்ரீமிலேயே நாளடைவில் சரியாகும்.

இனி மூன்றாவது வகை. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தால் இந்த நோய் பல மடங்கு அதிகமாக வருகிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களில் 30 முதல் 80 சதவீதம் பேருக்கு வெவ்வேறு ஆய்வுகளில் இது காணப்பட்டிருக்கிறது. பொது மக்களின் மூன்று, ஐந்து சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தாவல் என்று புரியும். இதிலும் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவரப்பட்டு இங்கேதான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் முதன்முதலாக உறுதியானது.

இதைப் படித்துவிட்டுப் பொடுகு உள்ளவர்கள் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் பலருக்கு இந்தத் தோல் நோய் இருக்கிறது. அதற்காக இந்தத் தோல் நோய் உள்ளவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஆகாது. ஒரு லட்சம் பேருக்கு வரும் நோயில் மிக மிகப் பெரும்பாலோருக்கு வேறு எந்தப் பிரச்சினையும் கிடையாது. இதுவரை தோலில் எதுவுமே இல்லாத ஒருவருக்குத் திடீரென்று, கடுமையாக, முகம் மார்பு அக்குள் என்று பரவி, வழக்கமான மருந்துக்கும் அடங்காமல் வந்தால்தான் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசுவார். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பலகை மாட்டிய அறையில் இந்தப் பரிசோதனை இலவசம், விவரமும் வெளியே போகாது. தொற்று இருந்து கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கினால், எதிர்ப்பு சக்தி ஏற ஏறத் தோலும் தெளிவடைகிறது.

பார்க்கின்சன் நோய் இன்னொன்று. கை நடுக்கமும் நடையில் மந்தமும் உள்ள பெரியவர்களின் முகத்தில் எண்ணெய் வழிந்து, புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் படிவதைப் பார்க்கலாம். முகத்தசை அசைவு குறைவதும் எண்ணெய் அதிகமாகச் சுரப்பதும் இதில் சேர்கின்றன. பக்கவாதம், தண்டுவட அடி, மனச்சோர்வு ஆகியவற்றோடும், மனநோய்க்குச் சாப்பிடும் சில மருந்துகளோடும் இந்தத் தோல் நோய் சேர்ந்து காணப்படுகிறது. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவுக்குத் தலையை அலசிவிட ஆளில்லாமல் போவதும் இதில் ஒரு காரணம்தான், அதை யாரும் புத்தகத்தில் பெரிதாக எழுதுவதில்லை.

எண்ணெயும் ஷாம்புவும்

உடம்புச் சூடுதான் பொடுகுக்குக் காரணம், தலையில் நல்ல எண்ணெய் வைத்தால் போய்விடும் என்பது நம் ஊர் வைத்தியம். சூடு விஷயத்தில் நேர்மாறாகத்தான் இருக்கிறது. குளிரிலும் வறண்ட காற்றிலும் நோய் கூடுகிறது. வெயில் காலத்தில் பலருக்குக் குறைகிறது. எண்ணெயைப் பொறுத்தவரை, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரை மணியில் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு முழுக்க அலசிவிட்டால் பெரிய தீங்கில்லை, தடித்த செதில் ஊறிக் கழன்று வரும். தினமும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரவெல்லாம் ஊறவிடுவதுதான் வம்பு. பூஞ்சைக்கு வேண்டியதே அந்தக் கொழுப்புதான். பொடுகு என்று எண்ணெய் வைத்து, வைத்ததால் பொடுகு கூடி, கூடியதால் இன்னும் எண்ணெய் வைத்து என்று வருடக்கணக்காகச் சுற்றுகிறவர்கள் உண்டு.

திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தால் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும். மருந்து தோலில் நன்றாகப் படும், செதிலும் தங்காது. சுரப்பிகள் அங்கேயேதான் இருக்கின்றன, முடி வளர வளர நோயும் திரும்பும்.

மருந்து என்று பார்த்தால் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு, தடித்த செதிலுக்கு சாலிசிலிக் அமிலம் அல்லது கோல் தார் ஆகியவை பழகியவை. ஷாம்புவை நுரைத்ததும் அலசிவிடுவதுதான் எல்லாரும் செய்வது. அது மருந்து, ஐந்து நிமிடமாவது தலையில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். அடங்கிய பிறகு வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர வேண்டும். அடங்கியதும் பாட்டிலை மூடி வைத்தால் நோய் திரும்பி வரும், அது மருந்தின் குறையல்ல. தாடி வைத்திருப்பவர்கள் அதே நுரையைத் தாடிக்கும் புருவத்துக்கும் போடலாம், கண்ணில் படாமல்.

முகத்துக்குப் பூஞ்சைக்கொல்லி க்ரீம் போதும். அழற்சி அதிகமானால் மருத்துவர் சில நாளுக்கு மட்டும் லேசான ஸ்டீராய்டு தருவார். இங்கேதான் பெரிய ஆபத்து. அரிப்பு க்ரீம் என்று கேட்டால் கடையில் கிடைக்கும் பல ட்யூபுகளில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். போட்ட இரண்டாம் நாளே முகம் பளிச்சென்று ஆகும். அதை நம்பி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பருக்கள் கிளம்பி, நிறுத்தினால் எரிந்து, நோயைவிட மருந்தின் சேதத்தைச் சரிசெய்யவே அதிக நாளாகும். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் இவை. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியானது என்று ட்யூபைக் கைமாற்றிக்கொள்வதும் வேண்டாம்.

நான்கு வாரம் ஷாம்புவை ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை, முடி வட்டமாகக் கொட்டுகிறது, நீர் வடிகிறது, அல்லது செதில் முகத்தையும் தாண்டிப் பரவுகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், முகத்தில் பவுடரும் வேண்டாம். செதிலும் நிறமும் அப்படியே தெரிய வேண்டும். இதுவரை போட்ட ட்யூபுகள், பாட்டில்கள், தீர்ந்துபோனவை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நோய் அதிகமாக இருந்த நாளில் செல்போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். டோக்கன் கிடைத்து உள்ளே போகும் அன்றைக்குப் பார்த்துத்தான் தலை சுத்தமாக இருக்கும்.